விட்ட நாளுக்குச் சேர்த்து வெட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. குலசேகரத்தில் வீட்டிலிருந்தே சென்னை கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன், குரூப் 2 தேர்வுக்கும் படிக்கிறேன். அட்டவணை போட்டால் மூன்று நாள்தான் தாங்கும். ஒரு நாள் தவறினால் மறுநாள் 14 மணி நேரம் படித்து ஈடுகட்டப் பார்ப்பேன், அதுவும் முடியாமல் எல்லாவற்றையும் விட்டுவிடுவேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதும் தாமதமாகிறது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், விடியும் முன்பே எழும்பிவிடுவார். அவருடைய கட்டுப்பாடு எனக்கு ஏன் வரவில்லை?

பதில்: தம்பி, அப்பா எழும்பும் நேரத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள், அவர் மரத்தில் என்ன செய்கிறார் என்று ஒரு நாள் கூடவே போய்ப் பாருங்கள். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் சிரட்டையில் பால் நன்றாக விழும், வெயில் ஏறினால் குறைந்துவிடும், அதனால் எழும்பலாமா வேண்டாமா என்று தினமும் மனசோடு மல்லுக்கட்டும் வேலை அவருக்கு இல்லை, நேரத்தை மரமே சொல்லிவிட்டது. உங்கள் லேப்டாப் எந்த நேரத்திலும் திறக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அப்புறம் அந்த வெட்டு. பட்டையில் மெல்லிய சீவல் ஒன்றுதான் எடுப்பார், அதுவும் ஒரே மரத்தில் பொதுவாக ஒரு நாள் விட்டு ஒரு நாள். மழை பெய்தால் வெட்டு கிடையாது. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, வருடத்தில் எத்தனை நாள் அப்படிப் போகிறது என்று அவரிடமே கேளுங்கள். மழை நின்ற மறுநாள் விட்டதற்கும் சேர்த்து ஆழமாக வெட்டுவாரா? மாட்டார். வெட்டினால் கத்தி பட்டையைத் தாண்டி உள்ளே பட்டுக் காயமாகும், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகக் கத்தி வைக்கவே முடியாது. அதனால் அதே மெல்லிய வெட்டுதான்.

உங்கள் 14 மணி நேரம் அந்த ஆழமான வெட்டு, தம்பி. தேர்வுக்குப் படித்த காலத்தில் இப்படியே இரண்டு வருடத்தை நானும் இழந்திருக்கிறேன், அந்த வலி தெரிந்துதான் சொல்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? காலை 6 முதல் 7.30 வரை படிப்பு, அவ்வளவு போதும். கம்பெனி வேலைக்கு 9 மணி என்றால் 9 மணி. இரவில் போன் அம்மா அறையில் சார்ஜ் ஏறட்டும். கணக்கு முடியாது என்று தெரிந்தால் அதைக் காலையிலேயே மேலதிகாரியிடம் சொல்லிவிடுங்கள், ராத்திரி 11 மணிக்கு மன்னிப்பு எழுதி அனுப்பினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, உங்கள் மேல் நம்பிக்கைதான் குறையும். காய்ச்சல், கல்யாண வீடு, கோயில் கொடை என்று சில நாள் போகத்தான் செய்யும், போகட்டும். மறுநாள் அதே ஒன்றரை மணி நேரம், ஒரு நிமிடம்கூடக் கூட்ட வேண்டாம். கட்டுப்பாடு இல்லாதவன் என்று உங்களையே ஏசுவதையும் நிறுத்துங்கள், படிக்க வேண்டிய நேரத்தில் பாதியை அந்த ஏச்சே தின்றுவிடுகிறது.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை மணி நேரம் படித்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம், தவறிய நாளுக்கு மறுநாள் காலை 6 மணிக்கு உட்கார்ந்தீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.