வாசகர் கேள்வி பதில்: ஒளியை ஒவ்வொன்றாக எண்ணும் சிலிக்கன்

கேள்வி: டிஜிட்டல் பெட் ஸ்கான் என்கிறார்களே, படம் கணினியில் வருவதாலா அந்தப் பெயர்?
(உயர்தர பௌதிகவியல் மாணவி, கல்லடி)

இல்லை. உடலில் ஏற்றிய கதிரியக்க மருந்து எங்கெங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் படம் என்றைக்கும் கணினியில்தான் வந்தது. மாறியிருப்பது ஒளியைப் பிடிக்கும் உணரி.

நோயாளிக்கு ஏற்றும் புளோரின்-18 மருந்திலிருந்து வெளிப்படும் பொசித்திரன் (இலத்திரனின் நேரேற்ற எதிர்த்துகள்) ஓர் இலத்திரனுடன் சேர்ந்து அழியும். அப்போது 511 கிலோ இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுள்ள இரண்டு காமாப் போட்டன்கள், அதாவது ஒளித்துகள்கள், எதிரெதிராகப் பறக்கும். ஸ்கானரின் வளையத்தில் இருக்கும் லுற்றீசியப் பளிங்கில் ஒரு காமா விழுந்தால், சுமார் 15,000 நீல ஒளிப் போட்டன்கள் மின்னி மறையும். முன்பு அந்த மின்னலை ஆயிரம் வோல்ற்றுக்கு மேல் கொடுத்து இயக்கும் கண்ணாடிக் குழாய்கள் பிடித்தன. இப்போது சில பத்து வோல்ற்றில் வேலை செய்யும் சிலிக்கன் சில்லு பிடிக்கிறது.

அந்தச் சில்லை ஒரு வயலில் நெருக்கமாக வைத்த 3,200 எலிப்பொறிகள் என்று நினையுங்கள். ஒரு போட்டன் பட்டாலே பொறி படாரென்று விழும். அனலாக் வகையில் விழுந்த பொறிகளின் மின்னோட்டம் எல்லாம் ஒன்றாகக் கூடி வெளியே வரும், அதை அளப்போம். உண்மையான டிஜிட்டல் வகையில் ஒவ்வொரு பொறிக்கும் பக்கத்திலேயே ஒரு சிறு சுற்று இருந்து "விழுந்தது, விழவில்லை" என்று பதியும், முதலாவது பொறி விழுந்த நேரத்தையும் சில்லே குறிக்கும். பிலிப்ஸ் நிறுவனம் 2009இல் இந்தச் சில்லை அறிவித்து, 2013இல் வெரியோஸ் ஸ்கானராகக் கொண்டுவந்தது. டிஜிட்டல் என்று விற்கப்படும் பல ஸ்கானர்களில் இருப்பது அனலாக் சிலிக்கன்தான். அவையும் நல்ல கருவிகளே, பெயரில் மயங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நேரம் ஏன் முக்கியம்? இரண்டு காமாக்களும் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை 300 பிக்கோ செக்கன் (ஒரு பிக்கோ செக்கன் என்பது செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) நுட்பத்தில் அறிந்தால், அவை பிறந்த இடத்தை அவை பறந்த கோட்டில் 4.5 சென்ரிமீற்றருக்குள் அடக்கலாம். பருமனான உடலிலும் படம் தெளிவது அதனால்தான்.

குறையும் உண்டு. ஒரே பொறியில் இரண்டு போட்டன் விழுந்தாலும் கணக்கு ஒன்றுதான். பிடிபடக்கூடிய 2,000 போட்டன்கள் வந்தால் 3,200 பொறிகளில் ஏறக்குறைய 1,490தான் விழும். விழுந்த பொறிகளின் எண்ணிக்கையை வைத்தே காமாவின் சக்தியைக் கணிக்கிறோம், ஆகவே திருத்தம் செய்யாத சக்தி அளவீட்டை நம்பக்கூடாது.

கேள்வி: சிலிக்கன் உணரியும் பளிங்குத் துண்டும் வைத்துப் பரிசோதிக்கிறோம். காலையில் எடுத்த எண்ணிக்கை மத்தியானம் ஏறிவிடுகிறது. குளிரூட்டினால் பலகை நனைகிறது.
(பொறியியல் மாணவர்கள், ஒலுவில்)

முதலில் வெளிச்சக் கசிவைப் பாருங்கள். அறை விளக்கை அணைத்ததும் எண்ணிக்கை விழுந்தால், வயர் நுழையும் துளையைக் கறுப்பு ரேப்பால் மூடுங்கள். பிறகு பளிங்கைக் கழற்றிவிட்டு இருட்டில் எண்ணுங்கள். பளிங்கிலேயே லுற்றீசியம்-176 என்ற இயற்கைக் கதிரியக்கம் இருப்பதால், வெளியிலிருந்து கதிரியக்க மூலம் வைக்காமலும் எண்ணிக்கை வரும். அது பழுதல்ல. கழற்றிய பின்னும் மிஞ்சுவதுதான் உணரியின் இருட்டு எண்ணிக்கை, அதாவது போட்டன் படாமலே வெப்பத்தில் தானாக விழும் பொறிகள். 8 முதல் 10 பாகை செல்சியஸ் ஏறினால் அது இரட்டிக்கும்.

வெப்பம் இன்னொன்றும் செய்யும். பொறி விழத் தொடங்கும் வோல்ற்றளவு பாகைக்கு 20 முதல் 60 மில்லிவோல்ற்று வரை உயரும். நீங்கள் 3 வோல்ற்று மேலதிகமாகக் கொடுத்து, உணரியின் எண் 54 மில்லிவோல்ற்று என்றால், 10 பாகையில் 0.54 வோல்ற்று போய்விடும். பெருக்கம், அதாவது ஒரு பொறி தரும் மின்சைகையின் அளவு, 18 சதவீதம் குறைய, உங்கள் சக்தி வரைபடத்தின் உச்சம் இடப்பக்கம் நகரும். உணரியின் முதுகில் ஒரு தேர்மிஸ்ரரை (வெப்பநிலையை உணரும் சிறு உறுப்பு) ஒட்டி, அதன்படி வோல்ற்றைக் கூட்டுங்கள்.

நனைவதற்குக் காரணம் நம் கடலோரக் காற்று. 30 பாகை, 80 சதவீத ஈரப்பதனில் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 பாகை. அதற்குக் கீழே போன எந்தப் பரப்பும் ஐஸ் தண்ணீர்ப் போத்தல்போல வியர்க்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஈரப்பதன் இறங்கிய பிறகே குளிரூட்டுங்கள். நிறுத்தும்போது உணரி அறைவெப்பத்துக்கு வந்த பின்தான் மூடியைத் திறக்கவேண்டும். அவசரப்பட்டுத் திறந்துதான் பலரும் பலகையைக் கெடுக்கிறார்கள்.

கேள்வி: மட்டக்களப்பில் ஒரு ஸ்கானர் வைத்துவிட்டு மருந்தைக் கொழும்பிலிருந்து கொண்டுவரலாம்தானே?
(காத்தான்குடி வாசகர்)

புளோரின்-18இன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி தேய்ந்துபோகும் நேரம், 110 நிமிடம். வீதியால் ஐந்தரை மணித்தியாலம் வந்தால் மூன்று அரைவாழ்வு கழிந்து எட்டிலொன்றுதான் மிஞ்சும். ஆகவே எட்டு மடங்கு ஏற்றி அனுப்பவேண்டும். முடியாததல்ல, ஆனால் ஒரு பாலத்தடையே அன்றைய நோயாளர் பட்டியலைக் கலைத்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்குச் சீனி வருத்தம். பெட் ஸ்கானுக்கு இரவு பஸ்ஸில் கூட்டிப் போகிறோம். என்ன கவனிக்கவேண்டும்?
(ஏறாவூர் வாசகி)

திகதி எடுக்கும்போதே சீனி வருத்தத்தையும் குளிசைகளின் பெயரையும் சொல்லிவிடுங்கள். இன்சுலின், மெற்போமின் இரண்டையும் எப்போது நிறுத்துவது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது. வழக்கமாக ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, வெறும் தண்ணீர் குடிக்கலாம். இரத்தச் சீனி 200க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் வேறு நாள் தருவார்கள்.

ஏசி பஸ் என்றால் கட்டாயம் ஒரு போர்வை கொண்டுபோங்கள். குளிரில் கழுத்தடிப் பழுப்புக் கொழுப்பு மருந்தை இழுத்துக்கொண்டு, படத்தில் கட்டிபோலத் தெரியலாம். ஊசி போட்ட பின் ஒரு மணித்தியாலம் பேசாமல், எதையும் சப்பாமல் படுத்திருக்கவேண்டும், அசையும் தசையும் மருந்தை எடுக்கும். முடிந்ததும் நிறையத் தண்ணீர் கொடுங்கள். அன்று பேரப்பிள்ளைகளை மடியில் வைக்க விடாதீர்கள்.