புது உரிமையாளர் சங்கிலி போட்ட பாதை

ஆறு வருடமாக ஜீப் ஓட்டிய மண்பாதையில் புது நில உரிமையாளர் சங்கிலி போட்டுவிட்டார், வேலியோரமாகச் சுற்றிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். பழைய உரிமையாளர் வாய்வார்த்தையாகத் தந்த அனுமதி, நிலம் கைமாறியதும் பெரும்பாலும் முடிந்துவிடும்.

மேப்பில் கோடு தெரிகிறது என்கிறீர்கள். பாதை இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதை அல்ல. நில ஆவணத்தில் அது பொதுவழியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவாகியிருந்தாலும் எந்த வாகனத்துக்கு என்பது தனிக் கேள்வி. இங்கிலாந்தில் பொது நடைபாதையில் உரிய அனுமதி இல்லாமல் வண்டி ஓட்டினால் குற்றம். அமெரிக்கத் தேசியக் காடுகளில் 2005ஆம் ஆண்டு விதிப்படி, வண்டி ஓட்ட அனுமதித்த பாதைகளைக் காட்டும் வனத்துறை வரைபடத்தில் இல்லாத பாதையில் வண்டி ஓட்டக்கூடாது, தடைப் பலகையே இல்லாவிட்டாலும்.

பொதுவழி இல்லையென்றால் உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள், வண்டியை விட்டுவிட்டு நடந்து போய். அவருடைய பயம் இரண்டாகத்தான் இருக்கும்: யாராவது விழுந்து அடிபட்டால் வழக்கு வருமோ என்பது ஒன்று, மண் கெட்டுவிடுமோ என்பது இன்னொன்று. ஈர மண்ணில் டயர் பதித்த தடத்தை நான் குனிந்து பார்த்திருக்கிறேன். அடுத்த மழையில் அதுவே ஓடையாகி, கரையை அரித்துக்கொண்டு போகிறது. அதனால் மழைக்காலத்தில் வரமாட்டோம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். காப்பீட்டுத் தாளையும் காட்டுங்கள். சம்மதித்தால் எந்த நாள், எத்தனை வண்டி என்று எழுதி வாங்குங்கள். அப்புறம், கேட் மூடியிருந்தால் மூடிவிட்டே போங்கள், உள்ளே மாடுகள் மேயலாம்.