பதினொரு பேருக்கு எத்தனை கதவு?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் முதலில் பார்த்தது நாள்காட்டியைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் கிசிமியில் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று வியாழன். ஃபுளோரிடாவில் டைம்ஷேர், அதாவது ஒரு விடுமுறை வீட்டில் வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமை, வாங்கியவர் 10 நாளைக்குள், காரணம் எதுவும் சொல்லாமல், ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ளலாம். சனி, ஞாயிறும் அந்தப் பத்தில் அடக்கம். அடுத்த புதன்கிழமையோடு கெடு முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. ஆற்காட்டிலிருந்து அட்லாண்டா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அடுத்த கோடையில் உங்கள் அப்பா அம்மா, மாமனார் மாமியார், டெட்ராய்ட்டில் இருக்கும் அண்ணன் வீட்டில் 4 பேர், நீங்கள் 3 பேர், ஆக 11 பேர் ஆர்லாண்டோ போகிறீர்கள். எட்டுப் பேர் படுக்கலாம் என்று சொல்லி இரண்டு படுக்கையறை வீட்டின் ஒரு வாரத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இப்போது போன் செய்து, இன்னும் 9,000 டாலர் போட்டால் மூன்று படுக்கையறையாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்த இரண்டு படுக்கையறையும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். லீவில் இருக்கிறேன்.

வேலூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அக்னி நட்சத்திரம், மதியம் வெளியே தலை காட்ட முடியவில்லை. எங்கள் சித்தப்பா சி.எம்.சி.க்குப் பக்கத்தில் பாபுராவ் தெருவில் முப்பது வருடம் லாட்ஜ் நடத்தியவர். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தங்கும் தெரு அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பெயர்ப்பலகைகூட வங்காளியில் இருக்கும். பெட்டியோடு வந்து நிற்பவரிடம் சித்தப்பா எத்தனை பேர் என்று முதலில் கேட்கமாட்டார். படி ஏற முடியாதவர் யார், சமைத்துச் சாப்பிடுவீர்களா, விடியற்காலையில் எழுந்து நடமாடுகிறவர் யார், இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார். “ஆள் கூடிட்டா பாய் போட்டுடலாம்மா, பாத்ரூம் போட முடியுமா?” என்பார்.

2009இல் ஆர்லாண்டோவில் நான் டைம்ஷேர் வாங்கியபோது இவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 90 நிமிடம் பேசுவோம் என்று சொல்லி நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். குழந்தைகள் அழுதார்கள். விற்பனைப் பேச்சைக் கேட்டால் தருவதாகச் சொன்ன இலவச டிக்கெட் கையில் வர வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன். கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

எனக்கும் அதே எட்டுப் பேர் கணக்கைத்தான் சொன்னார்கள். அது எப்படி வருகிறது தெரியுமா? பெரிய அறையில் 2 பேர், சின்ன அறையில் இரண்டு கட்டில் போட்டு 4 பேர், கூடத்தில் இழுத்து விரிக்கும் சோபாவில் 2 பேர். ஆர்.சி.ஐ., இன்டர்வெல் மாதிரி வாரங்களை மாற்றிக்கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண் போட்டிருக்கும். ஒன்று மொத்தம் எத்தனை பேர். இன்னொன்று, அடுத்தவர் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டாமல் குளியலறைக்குப் போகக்கூடியவர்கள் எத்தனை பேர். முதல் எண் 8 என்றால் இரண்டாவது 4 ஆகவோ 6 ஆகவோ இருக்கும். விற்கிறவர் முதல் எண்ணைத்தான் சொல்வார். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

நாங்கள் முதல் கோடையில் சரியாக எட்டுப் பேர் போனோம். நாங்கள் 4 பேர், என் அம்மா, என் மாமியார், நாத்தனார், அவர் வீட்டுக்காரர். சம்பந்தியம்மாக்கள் இருவரையும் குழந்தைகளோடு ஒரே அறையில் போட்டோம். நாத்தனாருக்கும் அவர் கணவருக்கும் கூடத்து சோபா. வீட்டு மாப்பிள்ளையை நடுக்கூடத்தில் படுக்க வைத்தாயே என்று மாமியார் இன்றுவரை சொல்லிக்காட்டுவார், அதுகூடப் போகட்டும். ஊரிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, அம்மாவுக்கு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். காபி போட வேண்டும் என்றால் அடுப்படி கூடத்தோடு சேர்ந்தது, அங்கே மாப்பிள்ளை படுத்திருக்கிறார். அறையில் விளக்குப் போட்டால் சம்பந்தி எழுந்துவிடுவார். மூன்றாம் நாள் ஐந்து மணிக்கு நான் எதேச்சையாக எழுந்து பார்த்தபோது, அம்மா குளியலறையில் தொட்டி விளிம்பில் இருட்டில் உட்கார்ந்துகொண்டு இருந்தார். இரண்டு மணி நேரமாக அங்கேதானாம்.

குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குப் போனால் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் இருபது பேர் வரிசையாகப் படுத்தவர்கள்தானே நாம், இது ஒரு பிரச்சினையா என்று கேட்பீர்கள். அங்கே மொட்டை மாடி இருக்கிறது, பின்கட்டு இருக்கிறது, திண்ணை இருக்கிறது. சீக்கிரம் எழுந்தவர் யாரையும் எழுப்பாமல் போய் உட்கார இடம் உண்டு. ரிசார்ட்டில் கதவைத் திறந்தால் ஏசி போட்ட நடைபாதை, எதிரே இன்னொரு கதவு.

அதனால் ஆள் கணக்கை விட்டுவிட்டுக் கதவுக் கணக்கு போடுங்கள். உங்கள் 11 பேரில் தனிக் கதவு வேண்டியவர்கள் நான்கு ஜோடி: அப்பா அம்மா, மாமனார் மாமியார், அண்ணன் அண்ணி, நீங்கள் இருவர். ஆக நான்கு அறை. பெரியவர்கள் இரண்டு ஜோடிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு குளியலறை. மூன்று படுக்கையறை வீட்டை 9,000 டாலர் போட்டு வாங்கினாலும் ஒரு ஜோடி கூடத்தில்தான். அது நீங்களாகத்தான் இருப்பீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

‘லாக் ஆஃப்’ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, நம் குடும்பங்களுக்கென்றே செய்தது மாதிரி. ஒரு பக்கம் முழு அடுப்படியோடு ஒரு படுக்கையறை வீடு. இன்னொரு பக்கம் தனிக் குளியலறையும் சின்ன ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் வைத்த ஸ்டூடியோ. நடுவில் ஒரு கதவு. திறந்தால் ஒரே வீடு, சாத்தினால் இரண்டு வீடு. மூன்று மணிக்கு எழுகிறவர்களை ஸ்டூடியோ பக்கம் விட்டால், ஒரு மின்கெட்டிலும் காபிப் பொடியும் வைத்துக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். சம்பந்திகள் இரு வீட்டாரும் ஒரே சமயத்தில் வந்தால் இதை விட்டால் வேறு வழியே இல்லை என்பேன். உங்களுக்கு இந்த மாதிரி இரண்டு வீடு எடுத்தால் நான்கு கதவு வந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் பார்க்கிறோம் என்பார்கள், உறுதி தரமாட்டார்கள். கூடுதலாக ஆளை அடைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தீ பாதுகாப்பு விதி இருக்கிறது, பல இடங்களில் கைக்குழந்தையையும் தலைக்கணக்கில் சேர்ப்பார்கள்.

சித்தப்பாவின் மற்ற இரண்டு கேள்விக்கு வருகிறேன். படி: எல்லாக் கட்டடத்திலும் லிஃப்ட் இருக்கும் என்று நம்பாதீர்கள், மாடிப்படி மட்டும் உள்ள பழைய வில்லாக்கள் நிறைய. படியைவிடப் பெரிய தொல்லை குளியல் தொட்டி. முட்டிவலிக்காரர் ஒன்றரை அடி உயரத் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து இறங்குவதற்குள் நமக்கு உயிர் போய் உயிர் வரும். தொட்டி இல்லாமல் நேராக நடந்துபோய் நின்று குளிக்கும் இடம் உள்ள வீடாகக் கேட்டு வாங்குங்கள், கைப்பிடி வைத்தது இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பிளாஸ்டிக் மக்கு பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தேடினால் அளவு போட்ட கண்ணாடி ஜாடிதான் கிடைக்கும்.

சமையல்: முழு அடுப்படி என்றால் நான்கு அடுப்பு, ஓவன், பெரிய ஃப்ரிட்ஜ், பாத்திரங்கள் எல்லாம் இருக்கும். பாத்திரங்கள் அவர்கள் சமையலுக்கு ஏற்றவை, ஒரு படி சோறு வடிக்க ஆகாது. ஒரு பெரிய குக்கரும் இட்லித் தட்டும் காரில் ஏற்றிக்கொண்டால் ஒரு வாரம் ஓடும். அட்லாண்டாவிலிருந்து ஏழு மணி நேரம்தானே, விமானம் வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் மிக்ஸி கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட், அது சரியாகச் சுற்றாது. என் மாமியார் முதல் நாளே எண்ணெய் காய்ந்ததும் கடுகும் காய்ந்த மிளகாயும் போட்டார், புகை மணி அலறிவிட்டது. பாதுகாவலர் ஓடிவந்தார். அதிலிருந்து நாங்கள் தாளிப்பு வேலையை வீட்டிலேயே முடித்து டப்பாவில் எடுத்துப்போகிறோம். கத்தரிக்காய்க் கொத்சு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி மூன்றும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்புறம் பணம். பத்திரம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு மயக்கம் வந்துவிடும். நிலம் வாங்கின மாதிரி, பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம் என்று. பத்திரம் பதிவாவது உண்மைதான். விற்கப் போனால்தான் தெரியும். நான் வாங்கிய வருடம் பராமரிப்புக் கட்டணம் 640 டாலர். 2020இல் அது 1,300ஐத் தொட்டது. போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். 2017இல் இர்மா புயலுக்குப் பிறகு கூரை வேலை என்று தனியாக ஒரு தொகை வசூலித்தார்கள். ஈபேயில் 1 டாலருக்கு விலை போட்டேன், ஒருவரும் வாங்கவில்லை. ஆனால் ஆள் தயாராக இருக்கிறார், முன்பணம் 1,500 டாலர் அனுப்புங்கள், விற்றுத் தருகிறோம் என்று போன் மட்டும் விடாமல் வந்தது. முன்பணம் கேட்கிற அந்த வகை ஆட்களைப் பற்றி, நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனே எச்சரித்திருக்கிறது. கடைசியில் 2021இல், மேலே ஒரு கட்டணமும் கட்டி, அந்த நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தோம்.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எட்டுப் பேரும் சேர்ந்து போனது மூன்றே கோடை. ஒரு வருடம் விசா இல்லை, ஒரு வருடம் நாத்தனார் வீட்டில் பிரசவம், இரண்டு வருடம் என் வேலை, கடைசியில் கொரோனா. மற்ற வருடங்களில் நாங்கள் நால்வர் மட்டும் அந்தப் பெரிய வீட்டில். உங்கள் அப்பா அம்மா வருடா வருடம் வருவார்களா, மாமனாரும் அதே வாரத்தில் வருவாரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு வாரத்துக்குப் பதில் புள்ளிகளாக வாங்கினால் எப்போது வேண்டுமானாலும் எந்த அளவும் எடுக்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். பள்ளிக்கூட விடுமுறை உள்ள ஜூன், ஜூலையில்தான் புள்ளி அதிகம் கேட்பார்கள், பெரிய வீடுகளைப் பல மாதம் முன்பே மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள். உங்கள் அப்பா ஊரில் வைத்திருக்கும் விடுமுறைக் கிளப் உறுப்பினர் அட்டையை வைத்து அமெரிக்காவில் வாரம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். சில திட்டங்களில் ஆர்.சி.ஐ. வழியாக அந்த வசதி உண்டு. ஆனால் ஊரில் ஸ்டூடியோவைக் கொடுத்துவிட்டு அமெரிக்காவில் கோடையில் இரண்டு படுக்கையறை எடுக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

என் யோசனை, அடுத்த கோடைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். டைம்ஷேர் வைத்திருப்பவர்கள் தங்களால் போக முடியாத வாரத்தை ரெட்வீக் மாதிரி தளங்களில் வாடகைக்கு விடுவார்கள், பல சமயம் பராமரிப்புக் கட்டணம் கைக்கு வந்தால் போதும் என்ற விலையில். விற்பனைப் பேச்சு கிடையாது. முன்பதிவு உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று ரிசார்ட்டுக்கே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு பணம் கொடுங்கள். இன்னொரு வழி, கிசிமி, டேவன்போர்ட் பக்கம் நீச்சல்குளத்தோடு ஐந்து, ஆறு படுக்கையறை வீடுகள் வாடகைக்குக் கிடைக்கும். தலைக்குப் பார்த்தால் அது மலிவாகவே வரலாம். எனக்கென்னவோ சின்னக் குழந்தை உள்ள வீட்டில் பின்கதவைத் திறந்தால் குளம் என்பது பிடிப்பதில்லை. ரிசார்ட்டில் பெரியவர்கள் கீழே இறங்கி நடக்கலாம், இன்னொரு தாத்தா பாட்டியைப் பார்த்துச் சிரிக்கலாம். என் மாமியார் அப்படித்தான் ஒரு குஜராத்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டார், இருவருக்கும் பொதுமொழி கிடையாது.

இப்போது கடிதம். ஒப்பந்தக் காகிதங்களில் ரத்து செய்வது பற்றி ஒரு பத்தியும் ஒரு முகவரியும் இருக்கும், தேடுங்கள். உங்கள் பெயர், மனைவி பெயர், ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, ரத்து செய்கிறோம் என்ற ஒரு வரி, இரண்டு பேர் கையெழுத்து. அவ்வளவுதான். சான்றளித்த தபாலில் (சர்டிஃபைட் மெயில்), பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு அனுப்புங்கள். தபால் முத்திரையில் விழும் தேதிதான் கணக்கு. போனில் சொன்னால் போதும், வந்து பேசலாம் என்பார்கள், போகாதீர்கள். ரத்து உரிமையை விட்டுக்கொடுத்ததாக எங்காவது கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது. புதன்வரை இழுக்க வேண்டாம், நாளைக்கே போட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கும் மாமியாருக்கும் முட்டி எப்படி இருக்கிறது என்று இன்றிரவு பேசும்போது கேட்டு வையுங்கள், வீடு தேடும்போது அது வேண்டும். நான் 28ஆம் தேதி கிளம்புகிறேன், பெட்டியில் இரண்டு கிலோ இடம் இருக்கிறது. தபால் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினீர்கள் என்றால் ஆற்காட்டுக்குப் போய் மக்கன்பேடா வாங்கிக்கொண்டு வருகிறேன்.