என்எஃப்எஸ் ரூட்டில் கியூஎமு: கேள்வி பதில்

எம்பெடட் லினக்ஸ் இமேஜை போர்டில் ஏற்றும் முன் கியூஎமு எமுலேட்டரில் (போர்டைப் போல நடிக்கும் மென்பொருள்) ஓட்டிப் பார்ப்பது, அதிலும் ரூட் ஃபைல்சிஸ்டத்தை (லினக்ஸின் அடிப்படை ஃபைல்கள் எல்லாம் இருக்கும் இடம்) என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் முறை) வழியாகக் கொடுப்பது. இன்றைக்கு இது மட்டும்தான். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், பில்ட்ரூட்டில் (எம்பெடட் லினக்ஸ் கட்டும் கருவி) ஏஆர்எம்64 கெர்னல் கட்டி, கியூஎமுவின் 'விர்ட்' மெஷினில் என்எஃப்எஸ் ரூட்டோடு ஓட்டுகிறேன். 'அன்நோன் பிளாக் (0,255)' என்று சொல்லி பேனிக் ஆகிறது (கெர்னல் கைவிட்டு நின்றுவிடுகிறது). எங்கிருந்து தேடுவது?

பதில்: 255 என்பது எந்த டிஸ்க்கும் இல்லை. என்எஃப்எஸ் ரூட்டுக்காகக் கெர்னல் தனக்குள் ஒதுக்கி வைத்திருக்கும் எண். அதாவது நீங்கள் என்எஃப்எஸ் கேட்டது அதற்குத் தெரிந்துவிட்டது, மவுண்ட்தான் நடக்கவில்லை. (பழைய கெர்னல்களில் இதே இடத்தில் 'என்எஃப்எஸ் முடியவில்லை, ஃபிளாப்பியைப் பார்க்கிறேன்' என்று ஒரு வரி வரும். அதை நம்பி ஃபிளாப்பி டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் உண்டு.)

பேனிக் வரியையே முறைத்துக்கொண்டிருக்காமல் லாகில் மேலே போங்கள். 'ஐபி-கான்ஃபிக்' என்று தொடங்கும் வரி இருக்கிறதா? இல்லவே இல்லை என்றால், கட்டளை வரியில் ஐபி=டிஎச்சிபி கொடுக்கவில்லை, அல்லது கெர்னலில் ஐபி பிஎன்பி தேர்வு (பூட் ஆகும்போதே கெர்னல் தானே முகவரி வாங்கும் வசதி) இல்லை. அந்தத் தேர்வு இல்லாவிட்டால் 'ரூட் என்எஃப்எஸ்' தேர்வு மெனுவில் கண்ணுக்கே தெரியாது. என்எஃப்எஸ் கிளையண்டை மாட்யூலாக (பிறகு ஏற்றப்படும் தனி ஃபைலாக) வைத்திருந்தாலும் தெரியாது. கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

வரி இருந்து, 'நெட்வொர்க் டிவைஸ் எதுவும் இல்லை' என்றால் விர்டியோ நெட் டிரைவர் (எமுலேட்டரின் நெட்வொர்க் கார்டுக்கானது) மாட்யூலாகக் கிடக்கிறது. மாட்யூல் இருப்பது ரூட்டில், ரூட் வருவது நெட்வொர்க்கில், நெட்வொர்க் வர மாட்யூல் வேண்டும். விர்டியோ பிசிஐ, விர்டியோ நெட் இரண்டையும் உள்ளே கட்டுங்கள்.

10.0.2.15 முகவரி கிடைத்த பிறகும் பேனிக் என்றால் கெர்னலை விட்டுவிட்டு சர்வர் பக்கம் வாருங்கள். முதலில் என்எஃப்எஸ்ரூட் விருப்பங்களில் வெர்ஸ்=3 என்று நீங்களே எழுதுங்கள். எழுதாவிட்டால், பதிப்பு 2 சேர்த்துக் கட்டிய கெர்னல் அதையே கேட்கும். இன்றைய சர்வர்களில் அது வழக்கமாக மூடியே கிடக்கும். டிசிபி என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு முகவரி வருகிறது, வெர்ஸ்=3 போட்டிருக்கிறேன். ஆனாலும் சர்வர் அனுமதி மறுக்கிறது. எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் (எந்த டைரக்டரியை யாருக்குக் கொடுப்பது என்ற சர்வரின் பட்டியல்) 10.0.2.0/24 என்று கொடுத்திருக்கிறேன்.

பதில்: அங்கேதான் சிக்கல். கியூஎமுவின் யூசர் நெட்வொர்க்கில் 10.0.2.15 என்பது எமுலேட்டருக்குள் மட்டும் உள்ள முகவரி. கெஸ்ட் (எமுலேட்டருக்குள் ஓடும் லினக்ஸ்) உங்கள் கணினியைக் குறிக்கும் 10.0.2.2-ஐ அழைக்கும்போது, உங்கள் கணினியில் ஓடும் கியூஎமு புராசஸ்தான் அந்த இணைப்பைப் போடுகிறது. எனவே என்எஃப்எஸ் சர்வருக்கு அது 127.0.0.1-இலிருந்து வருவதாகத்தான் தெரியும். எக்ஸ்போர்ட்ஸில் அதையே எழுதுங்கள்.

அப்புறம், கியூஎமுவை நீங்கள் ரூட் பயனராக ஓட்டுவதில்லை என்பதால் இணைப்பு 1024-க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து கிளம்பும். சர்வர் இயல்பாக அதை ஏற்காது. 'இன்செக்யூர்' விருப்பம் வேண்டும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது போர்ட் எண்ணைப் பற்றியது மட்டும்.

பயப்பட வேண்டியது வேறு. 'நோ ரூட் ஸ்குவாஷ்' (கெஸ்டின் ரூட் பயனரை சர்வரிலும் ரூட்டாகவே ஏற்பது) இல்லாமல் ரூட் ஃபைல்சிஸ்டம் ஓடாது, சரி. ஆனால் அதை நட்சத்திரக் குறியோடு (எந்த முகவரிக்கும் அனுமதி என்று பொருள்) சேர்த்து எழுதாதீர்கள். அலுவலக வைஃபையில் இருக்கும் யாரும் உங்கள் டிஸ்க்கில் செட்யுஐடி ரூட் ஃபைல் (யார் ஓட்டினாலும் ரூட் உரிமையோடு ஓடுவது) ஒன்றை வைத்துவிட்டுப் போகலாம். 127.0.0.1 போதும் என்கிறபோது நட்சத்திரம் எதற்கு?

கேள்வி: ராஸ்பெர்ரி பை 3 மெஷினைத் தேர்ந்தெடுத்தால் ஈதர்நெட் வரவில்லையே?

பதில்: 'விர்ட்' மெஷினுக்கு மாறுங்கள். பையின் வன்பொருளைச் சோதிக்கப் பையையே வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, பூட் ஆகிறது, லாகின் வருகிறது. ஆனால் சூடோ (ரூட் உரிமையில் கட்டளையை ஓட்டுவது) அடித்தால் 'யுஐடி 0-க்குச் சொந்தமாக இருக்க வேண்டும், செட்யுஐடி பிட் வேண்டும்' என்கிறது.

பதில்: டார் ஃபைலை (ரூட் ஃபைல்சிஸ்டத்தின் தொகுப்பு) உங்கள் சாதாரணக் கணக்கில் பிரித்திருக்கிறீர்கள். எல்லா ஃபைலும் உங்கள் பெயரில் 1000 என்ற எண்ணோடு கிடக்கும். எல்எஸ் -எல் அடித்துப் பாருங்கள். ரூட்டாகப் பிரியுங்கள். யாக்டோ (பில்ட்ரூட் போல இன்னொரு கருவி) என்றால் ரன்கியூஎமு-எக்ஸ்ட்ராக்ட்-எஸ்டிகே என்ற கருவியில் பிரியுங்கள். அது சூடோவுக்குள் (உங்கள் சூடோ அல்ல, யாக்டோவின் போலி ரூட் கருவி) வைத்துப் பிரித்து, உரிமை விவரத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். அதோடு வரும் யூசர்ஸ்பேஸ் என்எஃப்எஸ் சர்வர் அதைப் படித்துக் கொடுக்கும். இந்த வழியில் நிஜ ரூட் உரிமை தேவையில்லை.

கேள்வி: அன்நோன் பிளாக் (0,255) என்று வருகிறது, என்ன செய்வது?

பதில்: முதல் பதில்.

கேள்வி: சிஸ்டம்டி (கெர்னலுக்கு அடுத்து சர்வீஸ்களைத் தொடங்குவது) தொடங்கும் வரை நன்றாகப் போகிறது. பிறகு 'சர்வர் 10.0.2.2 பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று நின்றுவிடுகிறது. சர்வரில் ஒரு கோளாறும் இல்லை.

பதில்: நல்ல கேள்வி. கெர்னல் ஏற்கெனவே ஈத்0 என்ற நெட்வொர்க் இடைமுகத்துக்கு முகவரி வாங்கி, அதன் மேல்தான் ரூட்டை மவுண்ட் செய்திருக்கிறது. இப்போது சிஸ்டம்டி-நெட்வொர்க்டி வந்து, 'இது என் பொறுப்பு' என்று இடைமுகத்தைக் கலைத்துப் புதிதாக அமைக்கப் பார்க்கிறது. கலைத்த நொடியே ரூட் போய்விடும். திரும்ப அமைக்க வேண்டிய பைனரியும் அந்த ரூட்டில்தான் இருக்கிறது. நெட்வொர்க்டியின் அமைப்பு ஃபைலில் ஈத்0-ஐ 'அன்மேனேஜ்டு' ஆக்குங்கள். பழைய இன்டர்ஃபேசஸ் ஃபைல் என்றால் 'மேனுவல்'.

இதைச் செய்ததும் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை என்று அடுத்து வருவீர்கள். கெர்னல் வாங்கிய டிஎன்எஸ் விவரம் ப்ராக் நெட் பிஎன்பி ஃபைலில், ரிசால்வ் கான்ஃப் படிக்கும் வடிவத்திலேயே இருக்கும். ஒரு சிம்லிங்க் போதும்.

கேள்வி: எம்பெடட் லினக்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்: இன்றைய தலைப்பு அதுவல்ல.

கேள்வி: எங்கள் குழுவில் ஒவ்வொரு இரவு பில்டையும் என்எஃப்எஸ் ரூட்டில் ஓட்டுகிறோம். எல்லா டெஸ்டும் பச்சை என்றால் வெளியீடு. இது போதும்தானே?

பதில்: போதாது. நீங்கள் சோதிப்பது ஃபைல்களை. வாடிக்கையாளருக்குப் போவது இமேஜ். குழம்பை அடுப்பிலேயே ருசி பார்த்தாயிற்று, டப்பாவில் அடைத்ததை யார் திறந்து பார்த்தது?

அதே நபர்: இரண்டும் ஒரே டாரிலிருந்துதான் வருகின்றன. ஒரு பைட் கூட மாறாதபோது என்ன வித்தியாசம் வந்துவிடும்?

பதில்: நிறைய. உங்கள் தயாரிப்பில் ரூட் ஸ்குவாஷ்எஃப்எஸ், எழுத முடியாது. என்எஃப்எஸ்ஸில் எழுதும் உரிமையோடு மவுண்ட் செய்கிறீர்கள். ஏதோ ஒரு சர்வீஸ் முதல் பூட்டில் ஈடிசி டைரக்டரிக்குள் தன் சாவியை எழுதிவைக்கும், டெஸ்ட் பச்சையாகும், சாதனத்தில் விழும். பார்ட்டிஷன் அளவு பற்றாமல் போவது, ஸ்குவாஷ்எஃப்எஸ் டிரைவரே கெர்னலில் இல்லாமல் போவது, ரூட்வெயிட் (டிஸ்க் தயாராகும் வரை காத்திருக்கச் சொல்லும் விருப்பம்) மறந்துபோனது, இவை எதுவும் என்எஃப்எஸ் பாதையில் தெரியாது. மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரு சர்வீஸ் ரூட் இல்லாமல் 80-ஆம் போர்ட்டைத் திறக்க, பைனரிக்கு ஃபைல் கேபபிலிட்டி (ரூட் உரிமையில் ஒரு துண்டு மட்டும்) கொடுத்திருப்பீர்கள். அது செக்யூரிட்டி எக்ஸ்டெண்டெட் ஆட்ரிபியூட்டில் (ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்பில்) இருக்கிறது. என்எஃப்எஸ் அதைக் கொண்டுவராது. இமேஜில் ஓடுவது டெஸ்டில் விழும். உடனே யாராவது 'டெஸ்டுக்காக' அந்த சர்வீஸை ரூட்டாக மாற்றுவார்கள், அது அப்படியே வெளியீட்டிலும் போய்விடும்.

இன்னொருவர்: அப்படியானால் என்எஃப்எஸ்ஸை மூட்டை கட்டிவிட்டு 9பி-க்கு (கியூஎமு தானே டைரக்டரியைக் கெஸ்டுக்குக் கொடுக்கும் முறை) போகலாமே? சர்வர் வேண்டாம், எக்ஸ்போர்ட்ஸ் வேண்டாம், நெட்வொர்க்கும் வேண்டாம்.

பதில்: எமுலேட்டர் மட்டும்தான் என்றால் தாராளமாக. ரூட்டாகவே 9பி ஓடும். ஆனால் அங்கேயும் நீங்கள் பார்ப்பது ஃபைல்களைத்தான், மேலே சொன்ன ஸ்குவாஷ்எஃப்எஸ் கதை மாறாது. என்எஃப்எஸ்ஸுக்கு ஒரு தனி வசதி: மேசையில் இருக்கும் நிஜ போர்டுக்கும் அதே டைரக்டரியைக் கொடுக்கலாம். கியூஎமு தரும் 9பி கியூஎமுவோடு நின்றுவிடும். (போர்டுக்குக் கொடுக்கும்போது எக்ஸ்போர்ட்ஸில் அந்த போர்டின் முகவரியைச் சேர்ப்பது. நட்சத்திரம் அல்ல.)

இரவு பில்ட் பற்றிக் கேட்டவர்: அப்படிப் பார்த்தால் என்எஃப்எஸ் எதற்குத்தான்?

பதில்: பகலுக்கு. பைனரியைக் கட்டி டைரக்டரியில் போட்டதும் கெஸ்டில் ஓட்டிப் பார்க்கலாம், இமேஜ் கட்டக் காத்திருக்க வேண்டாம். இரவு பில்டுக்கு அதே இமேஜ் ஃபைலையே டிரைவாகக் கொடுத்து, ஸ்னாப்ஷாட் விருப்பத்தோடு ஓட்டுங்கள், மூலம் மாறாது. யாக்டோ என்றால் டெஸ்ட்இமேஜ் கிளாஸ் கியூஎமுவைத் தானே எழுப்பி எஸ்எஸ்எச் வழியாக டெஸ்ட் ஓட்டும். விர்ட் மெஷினில் டிஸ்க் விடிஏ என்று வரும், போர்டில் எம்எம்சி என்று வரும், ஆகவே வெளியீட்டுக்கு முன் ஒரு முறையாவது போர்டு. இதில் மேற்கொண்டு வாதம் வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஓட்டினால் ஒன்றுமே திரையில் வரவில்லை.

பதில்: கன்சோல்=டிடிஒய்ஏஎம்ஏ0. ஏஆர்எம் விர்ட்டுக்கு அது, எக்ஸ்86-க்கு டிடிஒய்எஸ்0. கியூஎமுவில் நோகிராஃபிக்.

கேள்வி: கெஸ்ட் ஓடும்போதே ரூட்டை அழித்துப் புதிதாகப் பிரித்தேன். 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று கொட்டுகிறது.

பதில்: கொட்டத்தான் செய்யும். கெஸ்ட் பிடித்திருந்த ஃபைல்களை சர்வரில் இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள். கெஸ்டை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள்.

கேள்வி: எக்ஸ்போர்ட்ஸில் நட்சத்திரம் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது, நன்றி சார்!

பதில்: இரண்டாவது பதிலை இன்னொரு முறை படியுங்கள். தயவுசெய்து.

கேள்வி: ஒரே ரூட் டைரக்டரியை இரண்டு எமுலேட்டருக்குக் கொடுக்கலாமா? எங்கள் அப்ளிகேஷன் எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இருக்கும் டேட்டாபேஸ்) பயன்படுத்துகிறது.

பதில்: கூடாது. என்எஃப்எஸ் ரூட்டைக் கெர்னல் 'நோலாக்' ஆக மவுண்ட் செய்கிறது. ஒரு கெஸ்ட் போட்ட பூட்டு இன்னொன்றுக்குத் தெரியாது, இரண்டும் ஒரே நேரத்தில் எழுதி டேட்டாபேஸ் கெட்டுவிடும். ரூட்டை இரண்டுக்கும் எழுத முடியாதபடி கொடுத்து, ஒவ்வொரு கெஸ்டிலும் டிஎம்பிஎஃப்எஸ்ஸை (நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஃபைல்சிஸ்டம்) மேல் அடுக்காக வைத்து ஓவர்லே (இரண்டு அடுக்கை ஒன்றாகக் காட்டுவது) போடுங்கள். என்எஃப்எஸ் கீழ் அடுக்காக இருப்பதில் தடையில்லை. மேல் அடுக்காக வைத்தால் ஓவர்லே ஏற்காது. அப்போது டேட்டாபேஸ் கெஸ்டோடு போய்விடும். அது மிஞ்ச வேண்டும் என்றால், கெஸ்டுக்கு ஒன்றாகச் சிறிய இமேஜ் ஃபைல் ஒன்றைத் தனி டிரைவாகக் கொடுத்து, டேட்டாபேஸை அதில் வையுங்கள்.