தகயாமாவுக்கு டே ட்ரிப் போதுமா?

ஏப்ரல் நடுவுல டோக்கியோ, கியோட்டோ போறோம், இடையில ரெண்டு நாள் இருக்கு, நகோயாவுல இருந்து மலை ஊரான தகயாமாவுக்கு காலையில போய் சாயங்காலம் திரும்பிடலாமா, கூட வர்ற அம்மா சுத்த சைவம்னு கேட்டிருந்தீங்க.

கண்டிப்பா போங்க, ஆனா ஒரு ராத்திரி தங்குங்க. நகோயாவுல இருந்து ஹிடா எக்ஸ்பிரஸ்ல ஒரு பக்கமே கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம், ஆத்தை ஒட்டியே மலைக்குள்ள போற அருமையான ரூட்டுதான், ஆனா நீங்க போய் இறங்குறதுக்குள்ள மியாகவா ஆத்தங்கரை காலைச் சந்தை முடியுற நேரம் வந்துடும், அது 7 மணிக்கே ஆரம்பிச்சு மதியத்தோட முடிஞ்சிடும். பழைய தெரு சன்மாச்சில மதியம் டூர் பஸ் கூட்டம், அஞ்சு மணிக்கு கடையெல்லாம் அடைக்க ஆரம்பிச்சிடுவாங்க. அந்தத் தெருவை விடியக்காலையில ஆள் இல்லாம பாக்கணும், கறுத்துப்போன மர வீடுங்க, சாகேங்கற அரிசி மது காய்ச்சுற கடை வாசல்ல தொங்குற சீடர் (cedar) மரத்து இலைப் பந்து, அதுக்காகவே தங்கலாம்.

மேப்ல ஊர் ரொம்பப் பெருசா தெரியும், பரப்பளவுல ஜப்பான்லயே பெரிய நகரம் இதுதான், 2005ல சுத்தியிருந்த ஊரையெல்லாம் சேர்த்ததால அப்படி, முக்கால்வாசி காடும் மலையும்தான். நீங்க பாக்க வேண்டியது ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போற தூரம், அம்மாவுக்கு சிரமம் இருக்காது. 1692ல இருந்து ஷோகன்ங்கற ராணுவ ஆட்சியாளரோட அரசு அலுவலகமா இருந்த ஜின்யாவை விட்டுடாதீங்க, உள்ள செருப்பைக் கழட்டணும், தரை ஜில்லுனு இருக்கும், அம்மாவுக்கு கெட்டி சாக்ஸ் எடுத்துக்குங்க.

தேதியை முதல்ல பாருங்க. ஏப்ரல் 14, 15 ரெண்டு நாளும் வசந்தத் திருவிழா, 12 தேர் வரும், சிலதுல கயிறு இழுத்து ஆட்டுற பொம்மைங்க, 14ஆம் தேதி ராத்திரி தேர் முழுக்க விளக்கு ஏத்தி ஊர்வலம். ஒரு காலத்துல இந்த ஹிடா பகுதி வரிக்குப் பதிலா தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பின ஊர், தேர்ல இருக்கற செதுக்கு வேலையைப் பாத்தா ஏன்னு புரியும். ஆனா ரூம் பல மாசம் முன்னாடியே தீந்துடும், மழை வந்தா தேரை வெளிய எடுக்க மாட்டாங்க. திருவிழாவுக்கு ரூம் கிடைக்கலன்னா 16ஆம் தேதிக்கு மேல போங்க, சகுராங்கற செர்ரிப் பூ அநேகமா அப்பவும் இருக்கும்.

சாப்பாடுதான் கவனம். காய்கறி சூப், சோபாங்கற நூடுல்ஸ் எல்லாத்துலயும் தாஷினு மீன் சாறு இருக்கும், "கறி இல்ல"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. "நிகு, சகனா, தாஷி தபேராரேமசேன்"னு, அதாவது கறி, மீன், தாஷி சாப்பிட முடியாதுன்னு, ஜப்பானிய எழுத்துல போன்ல வச்சுக்காட்டுங்க. புத்த மடத்து சைவச் சாப்பாடு ஷோஜின் ரியோரி இங்க கிடைக்கும், முன்கூட்டியே புக் பண்ணணும். தெருவுல சுடுற மிதராஷி தாங்கோ அரிசி உருண்டை இந்த ஊர்ல இனிப்பு இல்லாம சோயா வாசத்தோட இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும்னு நினைக்கிறேன், தடவுற சாஸ்ல தாஷி இருக்கான்னு மட்டும் கேட்டுக்குங்க.

ரெண்டாம் நாள் சந்தை முடிச்சுட்டு பஸ் ஏறினா 50 நிமிஷத்துல ஷிரகவாகோ கிராமத்துக் கூரை வீடுகள், அங்கிருந்து அப்படியே கனஸாவா பஸ் பிடிச்சு, கனஸாவாவுல இருந்து சுருகா வரை ஷின்கான்சென் புல்லட் ரயில், அங்க ரயில் மாறி கியோட்டோ. பஸ் சீட்டை மட்டும் இப்பவே ரிசர்வ் பண்ணிடுங்க.