மெஷினை ஓட்டுவது யார் என்பதுதான் கேள்வி

கேள்வி: கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். ட்ரில், எண்ட் மில் போன்ற வெட்டும் கருவிகளில் ஃப்ளூட் (சுருள் பள்ளம்) கிரைண்ட் செய்யும் சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷினை வங்கிக் கடனில் 38 லட்சத்துக்கு வாங்கினேன். நானேதான் ஓட்டுகிறேன், உதவிக்கு ஒரு பையன். சிறிது நேரம் ஓடிச் சூடானதும் ஃப்ளூட் ஆழம் பீஸுக்குப் பீஸ் மாறுகிறது. விற்ற புனே நிறுவனத்தார் பத்து மாதமாக 'வீல் (அரைக்கும் சக்கரம்) சரியில்லை' என்றே சமாளிக்கிறார்கள். 'தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் வழக்கு செல்லாது' என்றும் சொல்கிறார்கள். அப்படியா?

பதில்: அப்படி இல்லை, பயப்படாதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துகிறவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விலக்குத் தருகிறது. லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் – பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் பழைய நுகர்வோர் சட்டத்திலும் இருந்த இதே விலக்கை 1995இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதுவும் ஒரு சிஎன்சி மெஷின் தகராறுதான். வாங்கியவர் அதில் தோற்றார். ஆனால் அதே தீர்ப்பு, லேத் வாங்கிப் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்தாலும் அது மாறாது என்கிறது. முழுக்க வேறொருவரை வைத்து ஓட்டினால் கதை வேறு. ஆகவே மெஷினில் நிற்பது நீங்கள்தான், குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லை என்பதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். பலர் இதை எழுதாமல் விட்டே தோற்கிறார்கள்.

புனேவுக்கு அலைய வேண்டாம். நீங்கள் தொழில் செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டாததால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு கெடு.

இனி, ஆதாரம். காலையில் ஓட்டிய முதல் பீஸையும் சூடான பிறகு ஓட்டியதையும் தேதி, நேரம் எழுதிக் கட்டி வையுங்கள். அளவெடுத்த தாள் கூடவே இருக்கட்டும். சர்வீஸ் இன்ஜினியர் நீட்டும் தாளில் 'குறை தீரவில்லை' என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். புது வீல் மாட்டியும் ஆழம் மாறினால், அவர் முன்னாலேயே ஓட்டி அதையும் அந்தத் தாளில் பதிய வையுங்கள். வீல்தான் காரணம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடும். வெளி ஆளை வைத்து மெஷினைப் பிரிக்க வேண்டாம். ஆணையமே நிபுணர் சோதனைக்கு உத்தரவிட முடியும்.

ஒருவேளை நுகர்வோர் இல்லை என்றே தீர்ப்பானாலும் வணிக நீதிமன்றம் இருக்கிறது. அங்கே அவசர உத்தரவு கேட்காத வழக்குக்கு முன்னதாகச் சமரச முயற்சி கட்டாயம், கெடு 3 ஆண்டு. முதலில் சேர்ப்பித்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். இந்த வாரமே.