சீட்டுக்கு அடியில் சிக்கிய மூணாவது பிளக்

முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏத்துற சிஎன்ஜி பிக்கப், இன்ஜின் சீட்டுக்கு அடியில். மூணு ஸ்பார்க் பிளக் கழண்டு வந்துடுச்சு, மூணாவது சிலிண்டரோடது மட்டும் அசையலைன்னு கேட்டிருக்கீங்க. இனி ஸ்பேனர்ல பைப் மாட்டி நெம்பாதீங்க நண்பரே. இன்ஜின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், மரை பிய்ஞ்சா ஹெட்டையே இறக்கணும். சூடா இருக்கும்போது கழட்டினா லேசா வரும்னு சொல்றவங்க பேச்சும் வேண்டாம்; ராத்திரி பூரா ஆறட்டும்.

முதல்ல பிளக் உட்கார்ந்திருக்கிற குழியை ஏர் அடிச்சு சுத்தம் பண்ணுங்க. உப்புத் தண்ணி தேங்கி, பிளக் கழுத்தில் துரு பிடிச்சிருக்கும். அந்தப் பொடி சிலிண்டருக்குள்ள விழக்கூடாது. துரு நீக்கும் ஸ்ப்ரேயைக் கொஞ்சமா அடிச்சு அரை நாள் விடுங்க. அப்புறம் எக்ஸ்டென்ஷன், நக்கிள் ஜாயின்ட்டோட (மடங்கற இணைப்பு) பிளக் சாக்கெட்டை நேரா உட்கார வைங்க. சாய்ஞ்சா பீங்கான் உடையும். கழட்டுற பக்கமா கால் சுத்து திருப்பி, இறுகினதும் மறுபடி உள்ளே முடுக்கி, திரும்பத் திருப்புங்க. கிறீச்னு சத்தம் வந்தா நிறுத்தி இன்னும் ஸ்ப்ரே அடிங்க.

புது பிளக்கை முனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, விரலாலேயே சுத்துங்க. மரை மாறி ஏறினா ஹோஸ் வழுக்கிடும், தப்பு அங்கேயே தெரிஞ்சிடும். 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக்னா சுமார் 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்ச் இல்லைன்னா கையிறுக்கத்துக்கு மேல் அரைச் சுத்து. பிளக் முனையில் பொறி தாவுற இடைவெளி மட்டும் உங்க வண்டி மேனுவல்படி வைங்க, சிஎன்ஜிக்குக் கூடினா சரியா பத்தாம மிஸ்ஃபயர் ஆகும்.

பிளக் மேல மாட்டுற இக்னிஷன் காயில் ரப்பருக்குள்ள டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) லேசா தடவுங்க. வண்டி கழுவும்போது சீட்டுக்கடியில் பிரஷர் பம்ப் வேண்டாம்.